பின் பம்பருக்குக் காவல்: இரும்பு வாங்கும் முன் அளவு நாடாவை எடுங்கள்

முன்பக்கம் சுலபமாகத் தாண்டிய பள்ளத்தில் பின்பக்கம் போய் உட்கார்ந்துகொள்வது காட்டுப்பாதையில் சகஜம். முன்பக்கத்துக்கு ஓட்டுபவர் பார்த்துப் பார்த்து வழி தேர்கிறார். பின்பக்கத்தை அவர் பார்ப்பதே இல்லை. அது முன்சக்கரம் போன தடத்தில் இழுபட்டு வருகிறது, போதாததற்குப் பின் ஆக்சிலைத் தாண்டி ஒரு நீளம் வேறு துருத்திக்கொண்டிருக்கிறது. அதனால் பின் பம்பருக்கு ஒரு காவல் வேண்டும் என்று நினைப்பது நியாயமே. ஆனால் எதைக் கழற்றலாம், எது தாழத் தொங்குகிறது, விழுகிற அடி எந்த வழியாகச் சேஸிஸுக்குப் போய்ச் சேரும் என்று பார்த்துவிட்டு வாங்கினால், முதலில் ஆசைப்பட்டதைவிடச் சிறிய பம்பரே போதும் என்று பெரும்பாலும் தெரியவரும்.

கம்பெனி பம்பரில் கண்ணுக்குத் தெரிகிற பிளாஸ்டிக் வெறும் தோல். அதற்குள் ஒரு நுரைப்பட்டை, அதற்கும் உள்ளே எஃகு அல்லது அலுமினியக் குறுக்குச் சட்டம். பல வண்டிகளில் அந்தச் சட்டத்துக்கும் சேஸிஸ் முனைக்கும் நடுவே மடிந்து நசுங்குவதற்கென்றே செய்த சிறு பெட்டிகள் இருக்கும். பின்னாலிருந்து ஒரு வாகனம் மோதினால் முதலில் நசுங்க வேண்டியது அவைதான். அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு 6 மி.மீ. பிராக்கெட்டை நேராகச் சேஸிஸில் முறுக்கினால் பம்பர் வளையாது, உண்மைதான். அந்த விசை சேஸிஸ் முனைக்குப் போய் அதை வளைக்கும். ஆகவே சாலையில் அதிகம் ஓடும் வண்டிக்கு, கம்பெனிச் சட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு அதன் மேல் அல்லது கீழ் பொருந்தும் வடிவமே என் முதல் தேர்வு. தனிச் சேஸிஸ் இல்லாத, உடலும் சட்டமும் ஒன்றான வண்டிகளில் இது தேர்வல்ல, கட்டாயம். அங்கே கனமான பம்பரைத் தாங்க முனையில் மெல்லிய தகட்டுப் பெட்டியைத் தவிர வேறு எதுவும் இல்லை.

பின்பக்கத்துக்கு அடி மூன்று விதமாக வருகிறது. பாறைப் படியிலிருந்து இறங்கும்போது பம்பரின் அடிவிளிம்பு தரையில் மோதி, விசை கீழிருந்து மேலே பாய்வது ஒன்று. குறுகிய திருப்பத்தில் பின்மூலை பக்கவாட்டில் மரத்தையோ பாறையையோ உரசுவது இன்னொன்று. ரிவர்ஸில் நேராக முட்டுவது மூன்றாவது. விற்பனைப் படங்கள் மூன்றாவதைக் காட்டியே பம்பரை விற்கின்றன. பாதையில் அதிகம் நடப்பவை முதல் இரண்டும். நடுவில் தடித்த தகடு, மூலைகளில் வெறும் அலங்காரம் என்று இருக்கும் பம்பர் இந்த இரண்டுக்கும் உதவாது.

முதலில் வெளியேறும் கோணத்தை, அதாவது பின்பக்கம் தரையில் உரசாமல் இறங்கக்கூடிய அதிகபட்சச் சரிவை, அளக்க வேண்டும். பின் டயரின் பின்புற அடிப்பகுதியைத் தொட்டபடி ஒரு கயிற்றை வண்டியின் பின்னால் தாழ இருக்கும் பாகம் வரை இழுத்துக் கட்டுங்கள். கயிறு முதலில் எதைத் தொடுகிறதோ அதுதான் உங்கள் உண்மையான பம்பர். பல வண்டிகளில் அது பம்பராகவே இருக்காது. சைலன்சர் குழாயின் வால், டோ பார், அடியில் தொங்கும் ஸ்டெப்னி, மழைச்சேறு தடுக்கும் பட்டையின் தாங்கி என்று ஏதாவது ஒன்று இருக்கும். அப்படியானால் புதுப் பம்பர் போட்டாலும் கோணம் ஒரு டிகிரிகூடக் கூடப்போவதில்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். எடையோடு நிற்கும்போது ஆக்சில் மையம் தரையிலிருந்து 380 மி.மீ., பம்பரின் அடிவிளிம்பு ஆக்சிலுக்கு 800 மி.மீ. பின்னால், தரையிலிருந்து 403 மி.மீ. உயரத்தில் என்றால் வெளியேறும் கோணம் 30 டிகிரி. அடிவிளிம்பை 80 மி.மீ. மேலே வெட்டி உயர்த்தினால் அது 35.5 டிகிரி ஆகும். இந்த ஐந்தரை டிகிரி பல பாறைப் படிகளில் உரசலே இல்லாமல் இறங்கப் போதும். எந்தத் தகட்டின் தடிமனும் இந்த லாபத்தைத் தராது.

அதனால்தான் மலிவான முதல் படியைப் பலரும் தாண்டிப் போவது எனக்கு வியப்பாக இருக்கிறது. பிளாஸ்டிக் தோலின் கீழ்ப்பகுதியை வெட்டி, தேவையில்லாத டோ பாரைக் கழற்றி, சைலன்சர் வாலைச் சற்று மேலே திருப்பி, வெட்டிய இடத்தில் சேஸிஸ் முனைகளுக்குச் சிறு சறுக்குத் தகடு மட்டும் போட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். எடை ஐந்தாறு கிலோவுக்கு மேல் போகாது. வெட்டும் முன் பம்பரைக் கழற்றி அதன் முதுகைப் பார்த்துவிடுங்கள். வயர் கட்டு, சென்சார், எரிபொருள் ஆவிக் குப்பி எதுவும் வெட்டுக்கோட்டில் இருக்கக் கூடாது. தோலை முழுக்க எடுத்துவிடுபவர்கள் தவறவிடுவது ஒன்று உண்டு. பல வண்டிகளில் பின்சக்கரத்துக்குப் பின்னே, பம்பர் தோலின் மறைவில், கேபின் காற்று வெளியேறும் ரப்பர் மடிப்புத் துளைகள் இருக்கும். தோல் போனதும் அவை நேராகத் தூசிக்கும் தண்ணீருக்கும் முகம் காட்டும். வண்டிக்குள் தூசி எங்கிருந்து வருகிறது என்று கதவு ரப்பரை மாற்றிக்கொண்டிருப்பவர்கள் அங்கே பார்க்க வேண்டும். அந்தத் துளைகளுக்கு முன்னால் ஒரு மடித்த தகடோ கெட்டி ரப்பரோ, காற்று போக இடம் விட்டுப் பொருத்தினால் போதும்.

வெட்டுவது போதாது, உண்மையிலேயே இரும்பு வேண்டும் என்று முடிவானால் வடிவத்தைப் பார்க்கலாம். வளைத்த குழாய்கள், முழுத் தகடு, நடுவில் தகடும் இரு பக்கமும் குழாய்ச் சிறகுமான கலவை என்று சந்தையில் மூன்று விதம்.

குழாய்களில் ஏமாற்று அதிகம். பளபளக்கும் எஃகுக் குழாய் பார்க்கக் கனமாகத் தெரியும். சுவர்த் தடிமன் 1.5 மி.மீ.தான் இருக்கும். கண்டுபிடிக்கத் தராசு போதும். 48 மி.மீ. வெளிவிட்டமும் 3 மி.மீ. சுவரும் உள்ள எஃகுக் குழாய் மீட்டருக்கு 3.3 கிலோ. அதே விட்டத்தில் 1.5 மி.மீ. சுவர் என்றால் 1.7 கிலோ. ஒன்றரை மீட்டர் நீளக் குழாய் ஐந்து கிலோவுக்குப் பதில் இரண்டரைக் கிலோ காட்டினால் அது படிக்கட்டு மட்டுமே, காவல் அல்ல. குழாயைவிட அதைத் தாங்கும் பிராக்கெட்டைக் கவனியுங்கள். தட்டையான ஒற்றைப் பட்டையை எல் வடிவில் மடித்திருந்தால் முதல் அடியிலேயே மடிப்பில் திரும்பிவிடும். இரண்டு பக்கத் தகடு, நடுவில் முக்கோண முட்டு என்று இருக்க வேண்டும்.

தகட்டுப் பம்பருக்கு எஃகில் 3 முதல் 5 மி.மீ. போதும். எஃகு ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் 7.85 கிலோ. 4 மி.மீ. தகடு ஒரு சதுர மீட்டர் 31 கிலோவைத் தாண்டும். 6 மி.மீ.க்குப் போனால் 47 கிலோ. மடிப்புகள் நன்றாக அமைந்த 3 மி.மீ. தகடு, மடிப்பில்லாத 5 மி.மீ.யைவிட உறுதி, விறைப்பை மடிப்பும் உள் விலாத் தகடும்தான் தருகின்றன. 6 மி.மீ. தேவைப்படும் இடங்கள் பிராக்கெட்டும் அடிவிளிம்பும் மட்டுமே.

அலுமினியம் எடையைக் குறைக்கும், பாதியாகவே குறைக்கும். அதன் விறைப்பு எஃகில் மூன்றில் ஒரு பங்குதான் என்பதால், 4 மி.மீ. எஃகுத் தகட்டுக்கு ஈடாக ஏறத்தாழ 6 மி.மீ. வேண்டும். அப்படியும் சதுர மீட்டருக்கு 16 கிலோதான். பிறகு ஏன் பாறைப் பாதைக்காரர்கள் எஃகையே கேட்கிறார்கள்? எஃகு பாறையில் வழுக்கும். அலுமினியம் மென்மையானது, பாறை அதைக் கவ்வி உழுதுவிடும். வளைந்த எஃகைச் சுத்தியலும் சாதாரண வெல்டிங்கும் வைத்து எங்கும் நிமிர்த்தலாம். அலுமினிய வெல்டிங்குக்குத் தனிக் கருவியும் தேர்ந்த கையும் வேண்டும். வெல்டிங் செய்த இடத்தைச் சுற்றித் தகடு பலமும் இழக்கும். மணல், சேறு, நீண்ட பயணம் என்றால் அலுமினியம். பாறை என்றால் எஃகு.

எடையை ஏன் இவ்வளவு பேச வேண்டும் என்றால், ஆக்சிலுக்குப் பின்னால் வைக்கும் ஒவ்வொரு கிலோவும் ஒரு கிலோவாக இருப்பதில்லை. சக்கர இடைவெளி 2500 மி.மீ. உள்ள வண்டியில், பின் ஆக்சிலுக்கு 900 மி.மீ. பின்னால் பம்பர் 60, ஸ்டெப்னி தாங்கும் கை 25, ஸ்டெப்னி 35, நிரம்பிய எரிபொருள் கேன் 20 என்று 140 கிலோ ஏற்றுவதாகக் கொள்வோம். பின் ஆக்சிலின் மேல் கூடுவது 190 கிலோ. முன் ஆக்சிலிலிருந்து 50 கிலோ குறைகிறது. ஸ்டெப்னி ஏற்கெனவே பின்னால்தான் இருந்தது என்றால் அந்தப் பங்கைக் கழித்துக்கொள்ளலாம். ஸ்பிரிங் ஒவ்வொன்றும் மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் தாங்குவது என்றால், 190 கிலோவுக்குப் பின்பக்கம் 31 மி.மீ. இறங்கும். முனையில் இருக்கும் பம்பர் அதைவிடச் சற்று அதிகமாகவே இறங்கும். மேலே பார்த்த ஐந்தரை டிகிரி லாபத்தில் இரண்டு டிகிரிக்கு மேல் அங்கேயே போய்விட்டது. முன்சக்கரத்தின் பிடி குறைவதும், ஹெட்லைட் மேல்நோக்கித் திரும்பி எதிரே வருபவர் கண்ணைக் குத்துவதும் தனி. பின் ஆக்சிலின் எடை வரம்பு கதவுச் சட்டத்துப் பட்டயத்திலோ கையேட்டிலோ இருக்கும். பயணச் சாமான், ஆட்கள் எல்லாம் ஏற்றி எடைமேடையில் பின் ஆக்சிலை மட்டும் நிறுத்தி எடை போட்டுவிட்டு, மீதி எவ்வளவு இருக்கிறதோ அதற்குள் பம்பரைத் தேடுங்கள். கூடுதல் எடை எப்போதும் வண்டியில் இருக்கும் என்றால் அதற்கேற்ற ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் பட்டியலில் சேர வேண்டும். இதைச் சொல்லாமல் பம்பரை மட்டும் விற்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

இனி, அடி சேஸிஸுக்குப் போகும் வழி. பம்பர் எவ்வளவு தடிமன் என்று கேட்பவர்கள் பத்துப் பேர் என்றால், பிராக்கெட் சேஸிஸின் மேல் எவ்வளவு தூரம் நீள்கிறது என்று கேட்பவர் ஒருவர்கூட இருப்பது அரிது. கேட்க வேண்டியது அதைத்தான். வண்டியின் பின்பாரத்தில் ஒரு டன் பம்பரின் அடியில் வந்து உட்காருகிறது, அந்த இடம் பிராக்கெட்டிலிருந்து 250 மி.மீ. பின்னால் என்று வையுங்கள். சேஸிஸ் பக்கத்தில் முன்னும் பின்னுமாக உள்ள இரண்டு போல்ட்டுகளுக்கு இடையே 100 மி.மீ. என்றால், திருப்புவிசையால் ஒவ்வொரு போல்ட்டும் தாங்க வேண்டியது இரண்டரை டன். இடைவெளி 250 மி.மீ. என்றால் ஒரு டன்னாகக் குறையும். போல்ட்டைத் தடிமனாக்குவதைவிடத் தள்ளிப் போடுவதால் கிடைப்பது அதிகம்.

மூலைச் சிறகுகளுக்கும் இதே கேள்வி. சிறகின் முனையிலிருந்து சாய்வாக ஒரு குழாயோ தகடோ முன்னோக்கி வந்து, சேஸிஸில் இன்னொரு இடத்தில் முறுக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த முட்டு இல்லாத சிறகு மரத்தில் பட்டதும் உள்ளே மடங்கி, எந்த உடல் தகட்டைக் காக்க வந்ததோ அதையே நெளித்துவிடும். டெயில் லேம்ப்பும் அதோடு போகும். இன்னொரு பக்கம், சேஸிஸ் மேல் ரப்பர்களில் உட்கார்ந்திருக்கும் உடல் கரடுமுரடில் தனியாக ஆடும். பம்பர் சேஸிஸோடு போகும். எனவே பம்பருக்கும் உடலுக்கும் சுற்றிலும் 15 முதல் 25 மி.மீ. இடுக்கு விட்டே ஆக வேண்டும். படத்தில் ஒட்டினாற்போல் அழகாகத் தெரியும் பம்பர்தான் பெயிண்ட்டைத் தின்னும்.

சேஸிஸில் வெல்டிங் வேண்டாம். பல சேஸிஸ்கள் உயர்பலத் தகட்டால் ஆனவை. வெப்பம் பட்ட ஓரத்தில் பலம் குறைந்து, பிறகு விரிசல் அங்கேயே தொடங்கும். கம்பெனித் துளைகளில் பொருந்தும் கிட், சேஸிஸ் குழலுக்குள் நுழைக்கும் நட் பட்டை, இந்த இரண்டுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். குழல் சேஸிஸைக் குறுக்கே துளைத்து நீளப் போல்ட் போட நேர்ந்தால், உள்ளே ஒரு தடித்த குழாய்த் துண்டு வைக்காமல் முறுக்காதீர்கள்; சுவர் உள்நோக்கிக் குழியும், முறுக்கு ஒருபோதும் நிலைக்காது.

வண்டியை மீட்க இழுக்கும் புள்ளிகள் பம்பரில் இருந்தால் அவற்றை வேறு கண்ணோடு பாருங்கள். இங்கே தவறு நடந்தால் நெளிவது தகடு அல்ல, ஆள். பம்பரின் முகத்தில் வெறுமனே ஒட்டி வெல்டிங் செய்த காது (இழுக்க மாட்டும் துளையுள்ள தகடு), இழுவையில் உரிந்து வரும். சரியான காது தகட்டைத் துளைத்து உள்ளே போய், பிராக்கெட்டோடு சேர்த்து இரு பக்கமும் வெல்டிங் ஆகியிருக்கும். கீழே படுத்துப் பின்னாலிருந்து பார்த்தால் தெரியும். பரவலாகப் பயன்படும் 4.75 டன் வில் ஷேக்கிளின் (இழுவைப் பட்டையைக் காதோடு இணைக்கும் வில் வடிவ இரும்பு வளையம்) முள் 22 மி.மீ.; அதற்குக் காதில் 25 மி.மீ. அளவில் துளையும், 20 மி.மீ. தடிமனும் இருந்தால் நல்லது. கயிற்று ஷேக்கிள் மாட்டுபவர்கள் துளையின் விளிம்பு உருட்டிவிடப்பட்டிருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். கூர்விளிம்பு கயிற்றை அறுக்கும். இரண்டு அங்குல டோ பார் சதுரக்குழல் இருந்தால், அதற்குள் நுழையும் ஷேக்கிள் கட்டை மிக நல்ல இழுவைப் புள்ளி. இழுவைப் பட்டையின் முனை வளையத்தைக் குழலுக்குள் விட்டு வெறும் முள்ளில் மாட்டினால் முள் நடுவில் வளைந்து, பிறகு வெளியே வராது. டிரெய்லர் மாட்டும் பந்தில் பட்டையை மாட்டி இழுக்கவே கூடாது. பந்து முறிந்தால் அது பட்டையோடு சேர்ந்து பறந்து வரும். இதில் உயிர்கள் போயிருக்கின்றன. கம்பெனி அடியில் வைத்திருக்கும் மெல்லிய வளையங்கள் கப்பலிலும் லாரியிலும் வண்டியைக் கட்டிவைப்பதற்கானவை. திடீர் இழுவையை அவை தாங்கா.

ஸ்டெப்னியைத் தாங்கும் சுழல் கை வேண்டுமா என்பது டயரைப் பொறுத்தது. கம்பெனி அளவு டயர் என்றால் பின்கதவே தாங்கும். 35 அங்குல டயரும் ரிம்மும் சேர்ந்து நாற்பது கிலோவைத் தாண்டும்போது கதவின் கீல் தளரும், கீலைச் சுற்றிய தகடு விரியும். சுழல் கையில் பார்க்க வேண்டியது அச்சு. கூம்பு உருளை பேரிங் இரண்டும் கிரீஸ் நிப்பிளும் உள்ளதை வாங்குங்கள். வெறும் புஷ் போட்டது சில காலத்தில் தொய்ந்து, பூட்டு எட்டாமல் கையைத் தூக்கிப் பிடித்துச் சாத்த வைக்கும். மூடிய நிலையில் கையின் மறுமுனை ஒரு சரிவுத் தாங்கியில் ஏறி உட்கார வேண்டும். இல்லையென்றால் முழு எடையும் குலுங்கிக் குலுங்கி ஒற்றை அச்சில்தான் விழும். சரிவில் நிறுத்தித் திறக்கும்போது கை தானாகத் திரும்பி வராமல் பிடித்துவைக்க ஒரு முள்ளோ பூட்டோ கட்டாயம். இல்லாததை வாங்க வேண்டாம், எவ்வளவு தள்ளுபடி தந்தாலும்.

மின்சாதனங்கள் பல நல்ல பம்பர்களை ஒதுக்க வைக்கும். பின்மூலையில் பிளாஸ்டிக்கின் மறைவில் ரேடார் உள்ள வண்டிகளில், அதன் முன் இரும்போ அலுமினியமோ வந்தால் ரேடார் குருடு. மறைபுள்ளி எச்சரிக்கை போய், கருவிப் பலகையில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அந்த மூலைகளைப் பிளாஸ்டிக்காகவே விட்டுவிடும் வடிவம் வேண்டும். பார்க்கிங் சென்சாருக்கு இரும்பு தடையில்லை. ஆனால் ரப்பர் வளையம் போட்டு இரும்பைத் தொடாமல் உட்கார வேண்டும். நேராகத் தொட்டால் அதிர்வு திரும்பி வந்து, பின்னால் ஒன்றுமே இல்லாதபோது கத்தும். கோணம் கீழே சாய்ந்திருந்தாலும் தரையைப் பார்த்து இப்படித்தான் கத்தும். கேமரா, நம்பர் பிளேட் விளக்கு, சிவப்புப் பிரதிபலிப்பான், பனிமூட்ட விளக்கு எல்லாவற்றுக்கும் புதுப் பம்பரில் இடம் இருக்கிறதா, ஸ்டெப்னி அவற்றில் எதையாவது மறைக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள். பம்பரை மாற்றலாமா என்பதில் நாட்டுக்கு நாடு விதி வேறு, காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டியிருக்கலாம்.

பொருத்தும் நாளில் அவசரம் கூடாது. பழைய போல்ட்டுகளில் முந்தின இரவே துரு இளக்கி அடித்துவையுங்கள். பம்பரைத் தூக்க இரண்டு பேரும் ஒரு ஜாக்கியும் வேண்டும். எல்லாப் போல்ட்டையும் கையால் பாதி மட்டும் ஏற்றிவிட்டு, இரு பக்கமும் இடுக்கைச் சமமாக்கி, மரத்துண்டுகளை இடுக்கில் செருகிவைத்து, அதன் பிறகே முறுக்குங்கள்: முதலில் சேஸிஸ் போல்ட்டுகள், அப்புறம் சிறகின் முட்டு. முட்டின் போல்ட்டை முதலில் இறுக்கினால் பம்பர் கோணலாகவே நிற்கும். 8.8 தர எம்12 (12 மி.மீ.) போல்ட்டுக்கு முறுக்குவிசை சுமார் 80 நியூட்டன் மீட்டர். கிட்டோடு வந்த தாள் வேறு எண் சொன்னால் அதுவே சரி. பிராக்கெட் சேஸிஸைத் தொடும் முகத்தில் தடித்த பவுடர் கோட்டிங் இருந்தால் அதைச் சுரண்டி, மெல்லிய துத்தநாகப் பிரைமர் மட்டும் பூசுங்கள். கோட்டிங் நாளடைவில் நசுங்கி மெலியும், போல்ட்டின் பிடி அதோடு தளரும். சைலன்சர் குழாய்க்கும் பம்பருக்கும் 25 மி.மீ.யாவது இடைவெளி வேண்டும், இன்ஜின் குலுங்கும்போது குழாயும் ஆடும். குழாயின் வாய் பம்பருக்கு அடியிலேயே முடிந்தால் புகை தேங்கிப் பின்கதவு ரப்பர் வழியாக உள்ளே வரும். வாய் வெளியே எட்ட வேண்டும், அல்லது பக்கவாட்டில் திரும்ப வேண்டும். அலுமினியப் பம்பர் என்றால் எஃகைத் தொடும் இடத்தில் நைலான் வாஷரும் தகடும் வையுங்கள். ஈரத்தில் இரண்டும் நேராகத் தொட்டால் அலுமினியம் அரித்துப் பொடியாகும்.

துரு வெளியிலிருந்து வருவதைவிட உள்ளிருந்து வருவதே அதிகம். பெட்டி வடிவப் பம்பர்களுக்குள் சேறு புகுந்து ஈரத்தோடு கிடக்கும். அடியில் ஒவ்வொரு அறைக்கும் 10, 12 மி.மீ. வடிகால் துளையும், தண்ணீர்க் குழாயை நுழைத்துக் கழுவ ஒரு திறப்பும் இல்லாத பம்பர் பாதி வேலைதான் முடிந்தது. நீங்களே துளைத்தால் விளிம்புக்குப் பெயிண்ட் அடியுங்கள். பவுடர் கோட்டிங் பாறையில் கீறியதும் ஈரம் அதன் அடியில் ஊர்ந்து, தோல் கொப்புளித்து உரியும். கீறிய இடத்தை மட்டும் சரிசெய்யவும் முடியாது. உரசப்போகும் அடிவிளிம்புக்குச் சாதாரணச் சேஸிஸ் கறுப்புப் பெயிண்ட்டே மேல். பயணம் முடிந்து வந்ததும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஒரு கை பிரைமர், இரண்டு கை பெயிண்ட்.

முதல் 500 கிலோமீட்டரில் எல்லாப் போல்ட்டையும் முறுக்குவிசை காட்டும் டார்க் ஸ்பேனரால் மறுபடி சரிபாருங்கள். முறுக்கியதும் போல்ட் தலைக்கும் பிராக்கெட்டுக்கும் குறுக்கே பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவைத்தால், அடுத்த முறை எது நகர்ந்திருக்கிறது என்று குனிந்து பார்த்தாலே தெரிந்துவிடும். ஒரே போல்ட் திரும்பத் திரும்ப நகர்ந்தால் அதை இன்னும் இறுக்கிப் பயனில்லை. அந்தப் பிராக்கெட்டின் துளை நீண்டுவிட்டதா, வெல்டிங் ஓரத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று கழற்றிப் பாருங்கள்.